மருமகன் முதுகில் மண்

குஸ்தி நடத்துபவரும் நடுவரும் பழனியாண்டி கங்காணிதான். சடையனின் எதிராளி மருதைக்குத் தாய்மாமனும் அவரே. ஜெயித்தவனுக்குக் கொழும்பில் குஸ்தி வேலை. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துக்கூடையை மறந்துவிடலாம்.

“ஒங்க கால் இடறுனாலே தோத்துட்டீங்கன்னு சொல்லிருவாரு,” என்றாள் சடையனின் மனைவி இராக்கம்மா.

பதுளைக் கொட்டகையில் சடையன் இரண்டு முறை மல்லாந்து விழுந்தான்.

“முதுகுல மண்ணு படல, எந்திரி,” என்றார் கங்காணி இரண்டு முறையும்.

பிறகு மருதை வழுக்கினான். ஒரு தோள்தான் தரையைத் தொட்டது.

“முடிஞ்சது. சடையன் ஜெயிச்சான்.”



“சொந்த மருமகன்னுகூடப் பாக்கல. நெசமான மனுசன்,” என்று இராக்கம்மா கண்ணைத் துடைத்தாள்.

கங்காணியைக் கும்பிட்டுவிட்டு வரலாமென்று சடையன் கொட்டகையின் பின்புறம் போனான். தட்டிக்கு அப்பால் மருதையின் குரல் கேட்டது.

“ஏன் மாமா எனக்கு அநியாயம் பண்ணுனீங்க?”

“மெதுவா பேசுடா. கொழும்புல சண்டை மனுசனோட இல்ல, சர்க்கஸ் கரடியோட. முன்ன அனுப்புன ரெண்டு பேரும் பொணமாத்தான் வந்தாங்க. ஜெயிச்சவனத்தான் அனுப்பணும்னு சர்க்கஸ்காரன் கேக்குறான். ஒன்ன அனுப்பிட்டு அக்கா மொகத்துல எப்படி முழிக்கிறது?”

திகைத்துத் திரும்பிய சடையனை நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு, காத்திருந்த கொழும்பு வண்டியை நோக்கி ஆரவாரமாக நடந்தார்கள்.