ஒரே பாதைக்கு ஒரு பாஸ்

"ஏன் வெர்ன், உங்களுக்கு மூளை கீளை குழம்பிப் போச்சா? ஒரே பாதையில போய்ட்டு வர்றதுக்கு யாராவது நாடு பூரா சுத்தற ரயில் பாஸ் வாங்குவாங்களா?"

ஆர்லின் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டாள். சமையலறை மேஜையில் அவளுடைய லேப்டாப் திறந்திருந்தது. எதிரே பக்கத்து வீட்டு வெர்ன் லிண்ட்ஹோம், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அமெரிக்காவில் இந்த டுலூத் ஊரை விட்டு அதிகம் வெளியே போகாத மனிதர். இந்த வயதில் ஸ்விட்சர்லாந்து போகிறாராம், அதுவும் தன்னந்தனியாக. அதற்காக உசிராக வைத்திருந்த மீன்பிடிப் படகையே விற்றுவிட்டார். விற்க இனி வேறு படகு இல்லை, இந்தப் பயணம் வீணாய்ப் போனால் இன்னொரு பயணமும் இல்லை. அந்தக் காசைக் கண்டதில் கொட்டிவிட்டு ஏமாந்து திரும்பக்கூடாதே என்று ஆர்லினுக்குக் கவலை. சர்ச் பாட்டுக் குழுவோடு மூன்று முறை ஐரோப்பா போய் வந்தவள். டிக்கெட்டா பாஸா என்று அந்தத் தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

மனசுக்குள் இன்னொரு குறையும் இருந்தது. குளிர்காலம் முழுக்க அவள் வாசல் பனியைச் சொல்லாமல் கொள்ளாமல் வழித்துப் போட்டுவிட்டுப் போகிறவர், "நீங்களும் வர்றீங்களா?" என்று மரியாதைக்காவது ஒரு வார்த்தை கேட்டாரா?

"பாஸெல்லாம் இன்னிக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர்னு கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு ஓடறவங்களுக்கு," என்றாள். "நீங்க எங்க போகப் போறீங்க?"

"கூர்னு ஒரு ஊர். அங்கேருந்து மலைமேல ஒரு ரயில் போகுது."

"அப்புறம்?"

"கீழ வருவேன்."

"அப்புறம்?"

"மறுபடியும் மேல போவேன்."

"ரெண்டு வாரமும் இதே வேலையா?"

"ரெண்டு வாரமும்."

ஆர்லினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மலை பாக்கறதுக்கா? இவ்வளவு பெரிய ஏரி பக்கத்துல இருக்கு, அதையே நீங்க நிமிர்ந்து பாத்ததில்ல. தூண்டிலைத்தான் பாப்பீங்க."

"ரயில் பிடிக்கும்னு வெச்சுக்குங்களேன்."

"இல்ல, பொம்பளை விவகாரம் ஏதாவதா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். வெர்னின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"பாக்க வேண்டிய ஒருத்தி இருக்கா," என்றார்.

ஆர்லினுக்குச் சுருக்கென்றது. அவருக்காகச் செய்து வைத்திருந்த எலுமிச்சை கேக்கைத் தட்டோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நல்லா இருங்க. ஆனா காசைத் தண்டம் பண்ணாதீங்க. அன்னன்னிக்கு ஸ்டேஷன்ல டிக்கெட் எடுத்தா போதும்."

"அந்த டிக்கெட்டுல என் பேர் இருக்குமா?"

"ஸ்டேஷன்ல வாங்கற சீட்டுக்குப் பேர் எதுக்கு? செக் பண்றவங்க வருவாங்க, சீட்டைப் பாப்பாங்க, போய்ட்டே இருப்பாங்க. உங்க மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டாங்க. ஒரு தொல்லையும் இல்ல."

"பாஸ்ல?"

"அதான் சொல்றேன், பாஸ்னா அது ஒரு இம்சை. அதுல உங்க பேர் இருக்கும். பாஸ்போர்ட்டை எடுங்கம்பாங்க. பேரைப் படிச்சு, மூஞ்சியை நிமிர்ந்து பாத்து, ஆள் இவர்தானான்னு தெரிஞ்சப்புறம்தான் நகருவாங்க."

"படிக்காம, பாக்காமப் போயிட முடியாதா?"

"எப்படிப் போவாங்க? அவங்க வேலையே அதுதானே."

வெர்ன் மடியிலிருந்த தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அப்ப பாஸே போட்டுடுங்க, ஆர்லின்."

இவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசியதெல்லாம் சுவரிடம் பேசியதுதானா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள்.

"முழுப் பேரைச் சொல்லுங்க."

"லாவெர்ன் எமில் லிண்ட்ஹோம். நல்லா பாத்து அடிங்க. ஒரு எழுத்துகூடத் தப்பாகக் கூடாது."

"தப்பாகாது." அடித்து முடித்தவள், கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டாள். "நீங்க வர்றது அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஸ்டேஷனுக்கு வருவாங்களா?"

"தெரிஞ்சா எதுக்கு வரப் போறா? என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சொன்னவ. தப்பு என் மேலதான்."

ஆர்லினின் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது. கேக் தட்டை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்புறம் எப்படி வெர்ன் அவங்களைப் பாப்பீங்க?"

திரையில் இருந்த தன் பெயரையே வெர்ன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளே என்கிட்ட வருவா. அந்த மலை ரயில்ல டிக்கெட் செக் பண்றது என் பொண்ணுதான், ஆர்லின். எந்த வண்டியில டியூட்டின்னு தெரியாது, அதான் எதிர்ப்படற வரைக்கும் ஏறி இறங்கணும். இருபது வருஷமா என் குரலைக் கேட்டாலே போனை வெச்சிடறா. இறங்கிப் போங்கன்னு சொன்னா இறங்கிடுவேன். ஆனா அதுக்கு முன்னாடி என் பேரைப் படிச்சு, ஒரு தடவையாவது நிமிர்ந்து என்னைப் பாத்துத்தானே ஆகணும்?"