அண்ணன் பெயர் உள்ள வரிகள்

அண்ணன் மூன்றாவது முறையாகக் கை கழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூடியவன் துடைக்கவும் மறந்து, ஈரக் கையோடு தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

"பதிமூணு நிமிஷம்மா. ஒரு உயிர் போறதுக்கு அது போதும்னு ஆயிடுச்சு."

அவள் மேற்கொண்டு கேட்பதற்குள் காவலாளி வந்துவிட்டார். விசாரணை முடியும்வரை அண்ணன் கூட்ட அறையில் உட்கார வேண்டுமாம். கைபேசியையும் கொடுத்துவிட வேண்டுமாம்.

போகிற போக்கில், லாக் பதிவில் எல்லாம் இருக்கிறது, தான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. எல்லாம் கைவிட்டுப் போனவன் பேசுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்த மருத்துவமனையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர்கள் அண்ணனும் தங்கையும்தான். அவர்களுக்கு மேலே ஒரு துறைத் தலைவர். அன்று காலை பத்து நாற்பதுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் இணைப்பு அறுந்துபோனது. கருவிகள் அனுப்பிய எச்சரிக்கை எதுவும் நர்ஸுகளின் மேஜைக்கு வந்து சேரவில்லை. இணைப்பு திரும்பி வந்தபோது, கடைசி அறையில் இருந்தவரின் நாடி நின்றிருந்தது.

தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். ஒரு மணிக்கு நிர்வாகம் கூடுகிறது, அதற்குள் அந்தப் பிரிவின் கருவிகளை நெட்வொர்க்கோடு இணைக்கும் ஸ்விட்சிலிருந்து லாக்கை எடுத்து வர வேண்டும் என்றார். யார் உள்ளே நுழைந்து எந்தக் கட்டளையைத் தட்டினாலும், பெயரும் நேரமுமாக அதில் பதிந்துவிடும்.

பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். போன வருடம் பில் கவுண்ட்டர் ஒரு மணி நேரம் முடங்கியபோதே அண்ணனுக்குக் கடைசி எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது என்று நினைவுபடுத்தினார். இரண்டு பெண் பிள்ளைகள் வேறு, என்று பெருமூச்சு விட்டார்.

"வேற யாரையும் நான் அனுப்பல. நீங்களே தனியாப் போய்ப் பாருங்க. பார்த்துப் பண்ணுங்க."

இந்த மனிதருக்குள் இவ்வளவு ஈரம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

வராந்தாவில் இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கணவனின் மூக்குக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தரையைப் பார்த்தபடியே அவளைக் கடந்து போனாள் தங்கை.

சர்வர் அறையில் குளிர் எலும்பைக் குத்தியது. மடிக்கணினியை ஸ்விட்சோடு கேபிளால் இணைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முழு லாக்கையும் பார்க்கத் தெம்பில்லை. அண்ணன் பெயர் உள்ள வரிகளை மட்டும் காட்டும்படி கட்டளையைத் தட்டினாள். ஒன்றுமே வரக் கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது.

கறுப்புத் திரையில் ஐந்து வரிகள் வந்து விழுந்தன. பத்து ஐம்பத்து மூன்றுக்கு அண்ணன் உள்ளே நுழைந்திருக்கிறான். தீவிர சிகிச்சைப் பிரிவின் இணைப்பு வரும் போர்ட்டை மூடியிருக்கிறான், நெட்வொர்க் எண்ணை மாற்றியிருக்கிறான், மறுபடி திறந்திருக்கிறான், சேமித்திருக்கிறான்.

என்ன எண் என்பதைக்கூட அவள் கண் வாங்கவில்லை. அதே போர்ட், அதே காலை, அண்ணன் பெயர். அதற்கு மேல் திரை கலங்கிவிட்டது.

ஒரு வரியை மட்டும் பொறுக்கி அழிக்க முடியாது, அழித்தால் மொத்தமும் போகும். வேறெங்கும் நகல் கிடையாது. லாக்கைச் சேர்த்து வைக்கத் தனிக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்த கடிதம் ஒரு வருடமாகத் தலைவர் மேஜையில் தூங்குகிறது. இன்று அதுவும் நல்லதற்குத்தான் என்று தோன்றியது.

வராந்தாவில் இருப்பவளுக்கு இனி யாரும் பதில் சொல்லப்போவதில்லை என்பதும் தெரிந்தது. தெரிந்தேதான் அழிக்கும் கட்டளையைத் தட்டினாள். நிச்சயமா என்று ஒரு முறை கேட்டது திரை. எண்டரை அழுத்தினாள். துடித்துக்கொண்டிருந்த கர்சரைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை.

லாக் காலியாக இருக்கிறது என்று தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் காரணம் கேட்கவில்லை. தானே உள்ளே பேசிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒன்றரை மணிக்கு அண்ணன் வெளியே வந்தபோது கழுத்தில் அடையாள அட்டை இல்லை. லாக் இல்லாததால், பணியில் இருந்தவனே பொறுப்பு என்று எழுதிவிட்டார்களாம். போலீசுக்கும் சொல்லியாகிவிட்டதாம். உள்ளே அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தும் எதுவும் எடுபடவில்லை என்று காவலாளி அவள் காதோடு சொன்னார்.

அவள் அண்ணனைப் படிக்கட்டு ஓரமாக இழுத்துப்போனாள்.

"பயப்படாதண்ணா. உன் பேர் இருந்த அஞ்சு வரியையும் நானே அழிச்சிட்டேன். அவங்களால எதையும் நிரூபிக்க முடியாது."

அண்ணன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை. கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி மெதுவாகப் படியில் உட்கார்ந்தான்.

"அந்த அஞ்சும் நான் சரி பண்ணினதும்மா. கெடுத்த வரி அதுக்கு முன்னாடி, தலைவர் பேர்ல இருந்துச்சு."