வரவேற்பு விளக்கு

துக்க வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. ஆவுடையப்பனின் புதுக் காருக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. சாவி பக்கத்தில் வந்தாலே விளக்கெரியும் வண்டி அது. மழை மூட்டத்தில் இருண்டு கிடந்த மத்தியானத்தில், பந்தலை ஒட்டி, அவருக்குப் பின்னால் நின்றது. சட்டைப் பையில் சாவியோடு அவர் நாற்காலியில் சாயும்போதெல்லாம், முதலாளி வந்துவிட்டதாக எண்ணிப் பக்கக் கண்ணாடிகளை விரித்து முன்விளக்குகளைப் போட்டது. வெளிச்சம் நேராக, வாசலில் கிடத்தியிருந்த தங்கை புருஷனின் முகத்தில் விழுந்தது. அவர் முன்னால் குனிந்து கண்ணைத் துடைத்தால் அணைந்தது. ஒப்பாரி வைத்த பெண்கள் ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதை அமத்துங்க மாமா," என்றான் பக்கத்திலிருந்தவன்.

"நான் எங்கப்பா போடுதேன்? அதுவா எரியுது."

தலைமாட்டில் இருந்த தங்கை வடிவு நிமிர்ந்தாள்.

"இவுகளுக்கு மூச்சு முட்டுது, காரைக் கொண்டாங்கன்னு நேத்து ராத்திரி போன் போட்டேன். லைட்டு எரியலைன்னு சொன்னியளே அண்ணே," என்றாள். "எப்பம் சரியாச்சு?"

ஒப்பாரிப் பெண்கள் இப்போது காரை விட்டு அவரைப் பார்த்தார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை. அந்த ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து நடந்தார். அவர் வருவது தெரிந்ததும் கார், உள்ளே வெளியே என்று ஒன்று விடாமல் எல்லா விளக்குகளையும் போட்டது.