நிமிர்த்திய வளையம்

பழைய பேண்டு டிரம்மின் மர வளையம் கோணிப்போயிருந்தது. செபஸ்தியான் அதை ஆவியில் காட்டி, பலகையோடு இறுக்கி, ஒரு வாரமாக மல்லுக்கட்டி நிமிர்த்தியிருந்தார். இன்று மாட்டப்போனால் உட்காரவே இல்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. அப்போதுதான் டிரம்மைக் குனிந்து பார்த்தார். அதுவும் அதே பக்கம்தான் கோணியிருந்தது. இத்தனை வருஷமும் இரண்டும் சேர்ந்தே கோணி, பொருந்தி இருந்திருக்கின்றன.

"வளையத்தப் பழையபடி வளைச்சிருங்களேன்" என்றாள் மனைவி எஸ்தர்.

"இனிமே வளைச்சா ஒடிஞ்சிரும்."

"அப்ப டிரம்ம நிமித்துங்க."

"அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல" என்று பட்டறையைப் பூட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து எஸ்தர் அவர் வலது தோளைப் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடப்பாள். அவளுக்கு இடது கால் இழுக்கும். போன மாதம் ஆபரேஷன் ஆனபின் யார் துணையும் வேண்டியிருக்கவில்லை. இன்றும் நிமிர்ந்து, கையை வீசிக்கொண்டு முன்னால் போனவள் தெருமுனையில் திரும்பிப் பார்த்தாள். அவர் வலது தோளைத் தாழ்த்தியபடி மெல்ல வந்துகொண்டிருந்தார்.

"கால்ல முள்ளு கிள்ளு குத்திருச்சா? ஏன் இப்படிச் சாஞ்சு சாஞ்சு வர்றீங்க?" என்றாள்.