பின்சுவர்

தங்கச் சுரங்கத்து ஆட்கள் வேலை முடிந்ததும் குளிக்காமலே நாடகக் கொட்டகைக்கு ஓடி வருவார்கள். அந்த அழுக்குத் துணியோடு நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள். அதனால் பின்சுவரில் தலையைச் சாய்த்து, கடைசிப் பாட்டு வரை நின்றபடியே பார்ப்பார்கள். வருஷக்கணக்கில் அந்தத் தலைகளின் எண்ணெயும் தூசியும் ஊறி, சுவரில் வட்ட வட்டமாகக் கறைகள் விழுந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு கறை. அது இஸ்ரவேலுடையது, அவ்வளவு உயரம் அங்கே வேறு யாருமில்லை. பாறை சரிந்து அவனை மூடியபோது உடலை மேலே கொண்டுவர முடியவில்லை. அவன் மனைவி மார்த்தாவிடம் ஒரு போட்டோகூட இல்லை. சுரங்கம் மூடியபின் பூட்டிக் கிடந்த கொட்டகையை இப்போது அரசாங்கம் புதுப்பிக்கிறது என்று கேள்விப்பட்டு அவள் ஓடினாள். பெயின்டர் பலராமன் ஒரு மூலையிலிருந்து சுவரைச் சுரண்டத் தொடங்கியிருந்தான்.

“அது எங்க வீட்டுக்காரர் தலை பட்ட கறைப்பா. அந்த ஒண்ணை மட்டும் விட்டுடு.”

“மந்திரி வர்றாருக்கா. அழுக்கை விட்டுவச்சா இன்ஜினியர் என்னையும் சேத்து வச்சுப் பூசிருவாரு.”

“அப்ப சுரண்டாம மேலயே பூசிடேன்.”

“இது எண்ணெய்க் கறை அக்கா. சுரண்டாம பூசினா ஒரு மழை ஈரம் போதும், திரும்ப வெளிய வந்து நிக்கும்.”

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஏணியில் ஏறினான். வெள்ளைப் பெயின்டில் இஸ்ரவேலின் கறை கொஞ்சம் கொஞ்சமாக மறைவதை மார்த்தா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மழை எப்பப்பா வரும்?” என்றாள்.