முப்பத்திரண்டு மார்க்

"இண்டைக்குக் கள்ளன் மாட்டுவான், பாருங்க," என்று றஹீம் முதலாளி காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்.

பலாபத்வலையில் ஊரே சேர்ந்து கட்டிய பாலர் பாடசாலை அது. பன்னிரண்டு வருடம் கழித்து இப்போது மேல்மாடி எடுக்க வேண்டும். கீழே உள்ள தூண்கள் தாங்குமா என்று பார்க்க எஞ்சினியர் ஜெஸ்லா வந்திருந்தாள். தாய்மார், தகப்பன்மார், பிள்ளைகள் என்று கிரிக்கெட் மேட்ச் பார்க்கிற மாதிரி ஒரு கூட்டம்.

தூண்களை வார்த்த மேசன் பலீல் ஓரமாக நின்றார். சீமெந்தை அவர் அமுக்கிவிட்டார் என்று கட்டடக் குழுத் தலைவரான முதலாளி அன்றிலிருந்து சொல்லிச் சொல்லியே, ஊருக்குள் அவருக்கு ஒரு மதில் வேலைகூடக் கிடைப்பதில்லை. இன்று தூணும் தோற்றால், பாவம், மனுஷன் தலைகாட்ட முடியாது.

ஜெஸ்லா தூணின் பூச்சைக் கொஞ்சம் உரசி எடுத்துவிட்டு, ஸ்பிரிங் வைத்த சின்னக் கருவியை அதில் அழுத்தினாள். டக். கொங்கிறீட் எவ்வளவு உறுதியோ, அவ்வளவுக்கு உள்ளே இருக்கும் சுத்தியல் எகிறித் திரும்பும். அதை எண்ணாகக் காட்டும்.

இப்படிப் பத்துத் தடவை அடித்துப் பார்த்தாள்.

"சராசரி முப்பத்திரண்டு," என்றாள்.

"முப்பத்தஞ்சு எடுக்கலியே," என்றாள் ஒரு தாய். "அப்ப பெயில்."

பரீட்சையில் முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ் என்பது இந்த நாட்டில் யாருக்குத் தெரியாது? அவ்வளவுதான், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். பலீல் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் அப்பவே சொன்னேனே" என்று வாயெடுத்த முதலாளி, அதே தூணில் சாய்ந்து நின்ற தன் பேத்தி நதாவைக் கண்டார். ஓடிப்போய் அவளை வாரித் தூக்கினார். அப்படியே ஜெஸ்லாவிடம் திரும்பினார்.

"நாலே நாலு பேக் சீமெந்துதானே எடுத்தேன் மிஸ், வூட்டு மதிலுக்கு. அதுக்குப் போய் தூண் பெயிலாகுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

ஜெஸ்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது பரீட்சை இல்லை, இந்தத் தூணுக்கு இருபத்தைந்து வந்தாலே போதும், தாராளமாக மாடி எடுக்கலாம் என்றாள். பிறகு அவளுக்கே ஒரு சந்தேகம்.

"ஆனா நாலு பேக் குறைஞ்சிருந்தா இவ்வளவு வராதே?"

எல்லோரும் பலீலைப் பார்த்தார்கள்.

"குறைஞ்சதுதான் மிஸ்," என்றார் அவர். "அதான் ஏன்ட வூட்டுத் தரைக்கு வச்சிருந்த நாலு பேக்க அண்டைக்கே கொண்டாந்து போட்டுட்டேன்."