ஆயுள் போடாத அட்டை

சுயம்வர மண்டபத்துக் கம்ப்யூட்டரில் பெயர் அட்டைகளைத் தயார் செய்துகொண்டிருந்தாள் நித்திலா. மேலே பெயர். கீழே, மரபணுச் சோதனை கணித்துச் சொன்ன ஆயுள். இன்று அவளும் ஒரு மணப்பெண். அவள் அட்டையில் 43. போன இரண்டு சுயம்வரங்களிலும் அதைப் பார்த்ததுமே பையன்கள் நழுவியிருந்தார்கள்.

சட்டென்று எல்லா அட்டைகளிலும் ஆயுள் வரியை அழித்துவிட்டு, பிரிண்ட் கொடுத்தாள்.

"என்னம்மா பண்ணித் தொலைச்சே? உன் வேலை போச்சு!" எல்லோரும் அட்டை குத்தி உள்ளே போன பிறகு கவனித்து அலறினார் மேனேஜர் மாசிலாமணி.

"போகட்டும் சார். உள்ளே பாருங்க."

வழக்கமாக எண்களை மேய்ந்துவிட்டு விலகிப் போகும் கூட்டம், இன்று சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது.

தன் அட்டையைக் குத்திக்கொண்டு நித்திலாவும் உள்ளே நுழைந்தாள். இளம்பரிதி என்ற அட்டையோடு ஒருவன் எதிரே வந்தான்.

"காபி சாப்பிடலாமா நித்திலா?"

"என் ஆயுசு நாற்பத்துமூணு. இப்பவே சொல்லிட்டேன்."

"காபிக்கு அதைவிடக் கம்மி. ஆறிடும், வாங்க!"